கரூஸோவா, கிடியா? என்பிஏ டிரேடில் நம்பகமான ஆட்டக்காரரையும் வளரும் திறமையையும் எடைபோடும் முறை

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில், 2024 ஜூனில் சிகாகோ புல்ஸும் ஓக்லஹோமா சிட்டி தண்டரும் ஆளுக்கு ஆள் என்று ஒரு டிரேட் செய்துகொண்டன. சிகாகோ கொடுத்தது 30 வயது அலெக்ஸ் கரூஸோவை. புதியவர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காமல் விட்டவர், பிறகு தடுப்பாட்டத்தாலேயே பேர் வாங்கியவர். ஓக்லஹோமா கொடுத்தது 21 வயது ஜாஷ் கிடியை. 2021 டிராஃப்டில் 6-வதாக எடுக்கப்பட்ட ஆஸ்திரேலியர், பந்தைப் பகிர்வதில் பிறவித் திறமைசாலி. இடையில் டிராஃப்ட் பிக் இல்லை, மூன்றாவது அணி இல்லை. பெரும்பாலான டிரேடுகளில் நாலைந்து பெயர்களும் பிக்குகளும் கலந்து கிடக்கும். எதற்கு எது விலை என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. இந்த டிரேடில் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இன்றைக்கே வேலையைச் சரியாகச் செய்யும் ஆள் வேண்டுமா, நாளைக்குப் பெரிய ஆட்டக்காரராகக்கூடிய இளைஞர் வேண்டுமா?

ஓராண்டு கழித்து, 2025 ஜூனில், ஓக்லஹோமா சாம்பியன் ஆனது. கிடியும் சிகாகோவில் சும்மா இருக்கவில்லை. ஆட்டத்துக்கு 14.6 புள்ளி, 8.1 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 7.2 அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் கூடை போட வழிசெய்யும் பாஸ்) என்று ஆடி, 2025 செப்டம்பரில் நான்கு ஆண்டுக்கு 10 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். அதே சீசனில் கரூஸோ எடுத்தது ஆட்டத்துக்கு ஏழு புள்ளிதான். எண்களை மட்டும் அருகருகே வைத்தால் சிகாகோதான் லாபம் பார்த்தது போலத் தெரியும். ஆனால் அதே டிரேடை மறுபடி செய்யச் சொன்னால் ஓக்லஹோமா ஒரு நொடிகூடத் தயங்காது. அது ஏன் என்று புரிந்துவிட்டால், டிரேடுகளைப் படிப்பதில் பாதி வேலை முடிந்தது.

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு முதலில் இரண்டு அடிப்படை விஷயங்கள். என்பிஏவில் ஏலம் கிடையாது. புதியவர்கள் ஆண்டுதோறும் டிராஃப்ட் வழியாக வருகிறார்கள். அதில் ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக்குத்தான் பிக் என்று பெயர். இன்னும் வராத ஆண்டுகளின் பிக்கைக்கூட ஏழு ஆண்டு முன்பே கைமாற்றலாம். இரண்டாவது, டிரேடில் ஆள் மட்டும் போவதில்லை, அவருடைய ஒப்பந்தமும் கூடவே போகிறது. மிச்சமிருக்கும் ஆண்டுகள், சம்பளம் எல்லாம் இனி புதிய அணியின் பொறுப்பு. சம்பள வரம்பைத் தாண்டி நிற்கும் அணிகள், கொடுக்கும் சம்பளத்துக்கு ஏறத்தாழ ஈடான சம்பளத்தைத்தான் திரும்ப வாங்க முடியும். அடுத்த சீசனுக்கு கரூஸோவின் சம்பளம் சுமார் 99 லட்சம் டாலர், கிடியின் சம்பளம் சுமார் 83 லட்சம். அதனால்தான் இந்த டிரேட் இவ்வளவு எளிதாகப் பொருந்தியது.

இனி ஆட்களுக்கு வருவோம். ரோல் ப்ளேயர் என்பவர், ஆட்டம் தன்னைச் சுற்றி நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்காமல், கொடுத்த இரண்டு மூன்று வேலைகளைத் தவறாமல் முடிப்பவர். எதிரணியின் சிறந்த கார்டை (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவரை) மறிப்பது, மூலையில் நின்று வரும் பந்தை மூன்று புள்ளிக்கு எறிவது, ஸ்கிரீன் வைப்பது (சக ஆட்டக்காரருக்கு வழி கிடைக்க எதிராளியின் பாதையில் நிற்பது), ரீபவுண்டுக்கு உடம்பைக் கொடுப்பது போன்றவை. ப்ராஸ்பெக்ட் என்பவர் பெரும்பாலும் 19 முதல் 23 வயதுக்குள் இருப்பவர். இன்று அவர் செய்வதை வைத்து அல்ல, மூன்று நான்கு ஆண்டில் என்ன செய்யக்கூடும் என்பதை வைத்து விலை பேசப்படுகிறார்.

பந்து யார் கையில்?

ஆட்டம் 48 நிமிடம், களத்தில் ஐந்து பேர். ஆக ஒரு அணி பங்கிட வேண்டியது 240 நிமிடம். பந்தோ ஒன்றுதான். புதிதாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இந்தப் பந்துப் பங்கீட்டைத்தான்.

ஓக்லஹோமாவில் ஷே கில்ஜஸ்-அலெக்ஸாண்டர் பந்தோடு உள்ளே வெட்டிப் புகுந்துதான் ஆட்டத்தை நடத்துகிறார். அவருக்கு அடுத்து ஜேலன் வில்லியம்ஸ். கிடியின் பலமும் பந்து கையில் இருக்கும்போதுதான். மூன்றாவது ஆளாக அவர் மூன்று புள்ளிக் கோட்டருகே போய் நிற்க வேண்டி வந்தது; அங்கே நிற்பவரிடம் எதிரணி எதிர்பார்த்துப் பயப்படுவது ஷூட்டிங். 2023-24 சீசனில் கிடியின் மூன்று புள்ளி விகிதம் 33.7 சதவீதம்.

சீசன் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் ப்ளேஆஃபில், 2024-ன் இரண்டாம் சுற்றில் டாலஸ் மேவரிக்ஸ் இதைக் குறிபார்த்து அடித்தது. கிடியை மறிக்க வேண்டியவர் அவரைத் தனியே விட்டுவிட்டு, கூடைக்கு முன்னால் வண்ணம் பூசிய பகுதியில் வந்து நின்றுகொண்டார். ஷே முதல் ஆளைக் கடந்ததும் இரண்டாவதாக ஒருவர் வழியில் நிற்கிறார். பந்தைக் கிடிக்கு வெளியே தள்ளினால், டாலஸ் விரும்பிய ஷாட்டே அதுதான். அந்தத் தொடர் முடிவதற்குள் கிடி தொடக்க ஐவரில் இருந்த இடத்தை இழந்தார். தொடரை ஆறாவது ஆட்டத்தில் டாலஸ் வென்றது. கிடி திடீரென்று மோசமான ஆட்டக்காரராகிவிடவில்லை. அந்த அணியில் அவர் நிற்க வேண்டிய இடம் அவருக்கு உரியதல்ல, அவ்வளவுதான். சீசனின் 82 ஆட்டத்தில் இந்த ஓட்டையை யாரும் பெரிதாகத் தேடிப் போவதில்லை. இன்று ஒரு ஊர், நாளை ஒரு ஊர் என்று ஓடும் அணிகளுக்கு ஒரே எதிரணிக்காக உட்கார்ந்து திட்டம் போட நேரமில்லை. ப்ளேஆஃபில் ஒரே எதிரணியோடு ஏழு ஆட்டம் வரை. அங்கே ஒரு ஆட்டக்காரரின் பலவீனம் மறைந்து நிற்க இடமே இல்லை.

கரூஸோ அந்த சீசனில் மூன்று புள்ளிக்கு 40.8 சதவீதம். விட்டுவிட்டுப் போக முடியாத ஆள். தடுப்பாட்டத்தில் அவர் என்ன கொண்டுவந்தார் என்பதை 2025 மே மாதம் டென்வருக்கு எதிரான ஏழாவது ஆட்டம் காட்டியது. டென்வரின் நிகோலா யோகிச் 211 செ.மீ. உயரம், கரூஸோ 196. பயிற்சியாளர் அவரை யோகிச்மேல் போட்டார். கரூஸோ யோகிச்சின் முதுகுக்குப் பின்னால் நிற்காமல் முன்னால் போய் நின்று, பந்தே அவர் கைக்கு வராதபடி மறித்தார். தலைக்கு மேலே தூக்கிப் போட்டால் பின்னால் உதவிக்கு ஆள் தயார். பந்து கைக்கு வந்துவிட்டாலும் யோகிச்சின் இடுப்பளவில் தாழ்ந்து உடம்பைக் கொடுத்து, அவருக்குப் பிடித்த இடத்தை விட்டு ஓரிரு அடி வெளியே தள்ளிக்கொண்டே இருந்தார். ஓக்லஹோமா 125-93 என்று வென்றது. இந்த வேலைக்குப் புள்ளிப் பட்டியலில் தனிக் கட்டம் கிடையாது. ஆட்டக்காரரின் சராசரிப் புள்ளியை மட்டும் பார்த்து டிரேடை எடைபோடுகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

காலம் யார் பக்கம்?

டிரேட் நடந்தபோது ஓக்லஹோமா 57 ஆட்டம் வென்று மேற்குப் பிரிவில் முதலிடம் பிடித்திருந்த அணி. சிகாகோ 39 வெற்றி, 43 தோல்வி. கோப்பைக்கு அருகில் இருப்பவருக்கு இந்த ஆண்டின் ஒரு நல்ல ஆட்டக்காரர், நான்கு ஆண்டு கழித்து வரப்போகும் ஒரு நட்சத்திரத்தைவிட விலை கூடியவர். 39 வெற்றி எடுக்கும் அணி ஒரு கரூஸோவை வைத்துக்கொண்டு அதிகபட்சம் 42 வெற்றி எடுக்கலாம். அதனால் அதற்குப் பெரிய பயன் எதுவும் இல்லை. ஒரே ஆள், இரண்டு ஊரில் இரண்டு விலை. இதனாலேயே ஒரு டிரேட் இரண்டு பக்கத்துக்கும் சரியாக அமைய முடியும். யார் யாரை ஏமாற்றினார் என்று தேடுவதில் பெரும்பாலும் பலன் இல்லை.

காலத்தோடு பிணைந்தது ஒப்பந்தம். முதல் சுற்றில் எடுக்கப்படும் புதியவருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம்: முதல் இரண்டு ஆண்டு உறுதி, மூன்றாவதும் நான்காவதும் அணியின் விருப்பம். சம்பளம் எந்த இடத்தில் எடுக்கப்பட்டார் என்பதைப் பொறுத்து முன்பே வரையறுக்கப்பட்டது. நன்றாக ஆடுபவருக்கு அது சந்தை விலையில் ஒரு சிறு பங்குதான். நான்கு ஆண்டு முடிந்ததும் வேறு அணி அவருக்கு விலை சொல்லலாம், அதே விலையைக் கொடுத்து அவரை வைத்துக்கொள்ளும் உரிமை பழைய அணிக்கு உண்டு. ஆக, ஒரு ப்ராஸ்பெக்டை வாங்கும்போது முதல் கேள்வி வயது அல்ல. மலிவான ஆண்டுகள் எத்தனை பாக்கி என்பதே. கிடிக்குப் பாக்கி இருந்தது ஒரே ஒரு ஆண்டு. சிகாகோ வாங்கியது மலிவான இளைஞரை அல்ல, அடுத்த கோடையில் பெரிய சம்பளம் கேட்கப்போகும் இளைஞரை. அதேபோல் கரூஸோவுக்கும் ஒரு ஆண்டுதான் பாக்கி. ஓக்லஹோமா ஆறு மாதம் காத்திருந்து 2024 டிசம்பரில் நான்கு ஆண்டுக்கு 8.1 கோடி டாலர் என்று நீட்டித்துக்கொண்டது.

இளைஞரின் விலை எப்படிப் பிறக்கிறது, எப்படிச் சரிகிறது

பேச்சுக்காகப் பத்து ப்ராஸ்பெக்டுகளை எடுத்துக்கொள்வோம், எல்லோரும் ஒரே அளவு பெயர் உள்ளவர்கள். ஒருவர் நட்சத்திரமாகிறார், மூன்று பேர் நல்ல தொடக்க ஆட்டக்காரர்களாகிறார்கள், மூன்று பேர் பெஞ்சில் காலம் ஓட்டுகிறார்கள், மூன்று பேர் லீகை விட்டே போய்விடுகிறார்கள். சராசரி பார்த்தால் ஒரு நல்ல ரோல் ப்ளேயரை விடக் குறைவாகவே வரும். பிறகு ஏன் அணிகள் இவர்களுக்காக அடித்துக்கொள்கின்றன? களத்தில் ஐந்தே இடம் என்பதால்தான். 15 புள்ளி எடுக்கும் இருவர் சேர்ந்து 30 புள்ளி எடுக்கும் ஒருவருக்கு ஈடாக மாட்டார்கள். இரண்டு இடத்தை அடைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பத்தில் ஒருவர் கையில் விழுந்தால் அணியின் பத்து ஆண்டு மாறிப்போகும்.

அப்படி மாறியதுதான் ஓக்லஹோமா. 2019 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸ் ஓக்லஹோமாவிடமிருந்து பால் ஜார்ஜைப் பெறுவதற்காக, ஒரே ஒரு சீசன் ஆடி 10.8 புள்ளி சராசரி வைத்திருந்த ஷேயையும், டானிலோ கலினாரியையும், ஐந்து முதல் சுற்று பிக்குகளையும் கொடுத்தது. 2025-ல் ஷே லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் கோப்பையையும் சேர்த்தே வாங்கினார். அந்தப் பிக்குகளில் ஒன்றில் 2022-ல் 12-வதாக வந்தவர்தான் ஜேலன் வில்லியம்ஸ்.

ஷேயை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் தீர்ப்பு தவறும். 2018 டிராஃப்ட் இரவில் பிலடெல்ஃபியா 10-வதாக மிகால் பிரிட்ஜஸை எடுத்து, சிறிது நேரத்தில் ஃபீனிக்ஸுக்குக் கொடுத்துவிட்டு, 16-வதாக வந்த ஜையர் ஸ்மித்தையும் மயாமியின் 2021 பிக்கையும் வாங்கியது. பிரிட்ஜஸ் வில்லனோவா கல்லூரியில் மூன்று ஆண்டு ஆடி இரண்டு தேசியப் பட்டம் வென்றவர். எல்லோரும் சொன்னது, நம்பகமான ஆள், ஆனால் இதற்கு மேல் பெரிதாக வளர மாட்டார் என்று. ஸ்மித் ஒரே ஆண்டு கல்லூரியில் ஆடிய 19 வயது இளைஞர். துள்ளி எழும் உடல் வலுவே அவருடைய முதலீடு. முதல் கோடையிலேயே கால் எலும்பு முறிவு, பின் கடுமையான ஒவ்வாமை. ஸ்மித் என்பிஏவில் ஆடியது மொத்தம் 13 ஆட்டம். பிரிட்ஜஸ் ஒரு ஆட்டம்கூடத் தவறாமல் ஆடி, ஃபீனிக்ஸோடு 2021 இறுதித் தொடர் வரை போனார். 2024-ல் நியூயார்க் நிக்ஸ் அவருக்காக ஐந்து முதல் சுற்று பிக்குகள் கொடுத்தது. முந்தைய சீசனில் 52 ஆட்டம் வென்றிருந்த பிலடெல்ஃபியாவுக்கு அன்று தேவைப்பட்டது பிரிட்ஜஸ் மாதிரியான ஆள்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வளர்ச்சிக்கு எல்லை என்று சொல்லப்படுவது பல நேரம் வெறும் ஊகம். தினமும் களத்தில் இறங்கும் உடம்பும் ஒரு திறமைதான்.

இளைஞரின் விலை சரியும் வேகமும் பயங்கரமானது. 2020 டிராஃப்டில் 2-வதாக வந்த ஜேம்ஸ் வைஸ்மனை கோல்டன் ஸ்டேட் 2023 பிப்ரவரியில் கைமாற்றியபோது, அந்த நான்கு அணி டிரேடில் திரும்பக் கிடைத்த முக்கிய ஆள் 30 வயது ரோல் ப்ளேயர் கேரி பேட்டன் II. மூன்று ஆண்டு முடியும் முன்பே 2-வது பிக்கின் விலை அங்கே வந்து நின்றது. இளைஞரை வைத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அவரைப் பற்றிய தெளிவு கூடுகிறது; பெரும்பாலானோர் விஷயத்தில் அந்தத் தெளிவு விலையைக் குறைக்கவே செய்கிறது. விற்கும் எண்ணம் இருந்தால், மற்றவர்களுக்கு இன்னும் ஆசை இருக்கும்போதே விற்பது நல்லது.

எண்களைப் படிப்பது

தோற்றுக்கொண்டிருக்கும் அணியில் யாராவது ஷாட் எறிந்துதானே ஆக வேண்டும்? அதனால் அங்கே ஒரு இளைஞர் 18 புள்ளி எடுப்பதைப் பார்த்ததும் மயங்கிவிடக் கூடாது. எடுத்த முயற்சிகளுக்கு எவ்வளவு புள்ளி கிடைத்தது என்று காட்டும் ட்ரூ ஷூட்டிங் போட்டுப் பாருங்கள்: ஷாட் முயற்சிகளோடு ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் மறிப்பில்லாத எறிதல்) முயற்சிகளின் 0.44 மடங்கைக் கூட்டி, அதை இரண்டால் பெருக்கி, வந்ததால் புள்ளியை வகுக்க வேண்டும். 17 ஷாட், 4 ஃப்ரீ த்ரோ, 18 புள்ளி என்றால் 18-ஐ 37.52-ஆல் வகுத்து 48 சதவீதம். 7 ஷாட், 1 ஃப்ரீ த்ரோ, 9 புள்ளி எடுக்கும் ரோல் ப்ளேயருக்கு 9-ஐ 14.88-ஆல் வகுத்து 60.5 சதவீதம். லீகின் சராசரி அண்மை ஆண்டுகளில் 57, 58. அந்த இளைஞர் 18 புள்ளி எடுத்தாலும் அணியைக் கீழே இழுக்கிறார். 19 வயது என்றால் பொறுக்கலாம். 23 வயதில் இதே எண் என்றால் கவலைப்பட வேண்டும்.

இளைஞர் நாளை ஷூட்டர் ஆவாரா என்று அறிய, இன்றைய மூன்று புள்ளி விகிதத்தைவிட ஃப்ரீ த்ரோ விகிதம் நல்ல அடையாளம். மறிக்க ஆளில்லை, தூரம் மாறுவதில்லை. கையின் தரம் மட்டுமே தெரிகிறது. 80-க்கு மேல் இருந்தால் நம்பிக்கை வைக்கலாம், 60-களில் இருந்தால் யாரோ ஒருவர் அவருடைய எறியும் முறையையே மாற்றியமைக்க வேண்டியிருக்கும்.

நம்பகமானவர் என்று நாம் நினைப்பவரின் எண்ணும் ஏமாற்றும். ஆட்டத்துக்கு 2 மூன்று புள்ளி முயற்சி, 40 ஆட்டம் என்றால் 80 ஷாட். 40 சதவீதம் என்பது 32 கூடை, 34 சதவீதம் என்பது 27. ஐந்தே ஐந்து பந்து வளையத்தில் பட்டு எந்தப் பக்கம் விழுந்தது என்பதில் சிறந்த ஷூட்டர் என்ற பெயரும் சாதாரணம் என்ற பெயரும் தீர்மானமாகின்றன. அரை சீசனை நம்பாமல் இரண்டு மூன்று சீசனைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ரோல் ப்ளேயரை வாங்கும்போது நேரும் இன்னொரு தவறு, பழைய அணியில் அவருக்குச் சுற்றி யார் இருந்தார்கள் என்பதை மறப்பது. கிராண்ட் வில்லியம்ஸ் பாஸ்டனில் மிகவும் பயன்பட்டவர். 2023-ல் நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் டாலஸுக்குப் போனார், பொருந்தவில்லை. 2024 பிப்ரவரியிலேயே டாலஸ் அவரையும் ஒரு முதல் சுற்று பிக்கையும் கொடுத்து சார்லட்டிடமிருந்து பி.ஜே. வாஷிங்டனை வாங்கி, அந்த ஆண்டே இறுதித் தொடருக்குப் போனது. உடல்நிலை இன்னொன்று. ஒவ்வொரு டிரேடும் மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட்டது; பேட்டன் விஷயத்தில் பரிசோதனையில் வயிற்றுப் பகுதித் தசைக் காயம் தெரிந்து, டிரேடே கலையும் நிலைக்குப் போய்த்தான் நிலைத்தது.

சரியாக வாங்கப்பட்ட ரோல் ப்ளேயருக்கு டெரிக் வைட்டைச் சொல்வேன். 2022 பிப்ரவரியில் பாஸ்டன் அவருக்காக சான் அன்டோனியோவுக்குக் கொடுத்தவை: 2019-ல் 14-வதாக வந்த இளைஞர் ரோமியோ லாங்ஃபர்ட், ஜாஷ் ரிச்சர்ட்சன், அந்த ஆண்டின் முதல் சுற்று பிக், 2028-ல் இரண்டு அணியின் பிக்குகளில் நல்லதை எடுத்துக்கொள்ளும் உரிமை. வைட்டுக்கு ஒப்பந்தத்தில் அதற்குப் பிறகும் மூன்று முழு சீசன் பாக்கி இருந்தது. மறிக்கத் தெரியும், பந்தைப் பிடித்து நிறுத்தாமல் உடனே நகர்த்தத் தெரியும். பாஸ்டன் 2024-ல் சாம்பியன். லாங்ஃபர்ட் என்பிஏவில் நிலைக்கவில்லை.

லீகுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையே 2023-ல் வந்த சம்பள ஒப்பந்தம் இப்படிப்பட்டவர்களின் விலையை இன்னும் ஏற்றிவிட்டது. 2025-26-ல் சம்பள வரம்பு 15.46 கோடி டாலர். இரண்டாம் ஏப்ரன் எனப்படும் மேல்கோடு 20.78 கோடி. அதைத் தாண்டிய அணி இரண்டு மூன்று பேரின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய ஆளை வாங்க முடியாது, கொடுப்பதைவிட ஒரு டாலர்கூட அதிகச் சம்பளம் திரும்ப வாங்க முடியாது. இரண்டு நட்சத்திரங்களுக்குச் சம்பளம் கொடுத்து முடிக்கும் அணிக்கு, ஒரு கோடி டாலர் அளவில் முழு வேலை செய்யும் ஆள் தங்கம்.

சரி, சிகாகோ செய்தது சரியா? கிடியை வாங்கியதில் தவறில்லை. பந்தை அவர் கையில் கொடுத்தார்கள், மூன்று புள்ளி விகிதம் 37.8-க்கு ஏறியது. ஆனால் கூடவே ஒரு பிக் கேட்காமல் விட்டதை ஏற்க முடியவில்லை. எதிரே இருந்தது லீகிலேயே அதிகம் பிக் வைத்திருந்த அணிகளில் ஒன்று. அதற்கு உடனே வேண்டியிருந்தது கரூஸோ. ஒற்றை ஆண்டு பாக்கியுள்ள, ப்ளேஆஃபில் இடம் இழந்த இளைஞருக்காக அந்த ஆளைக் கொடுக்கும்போது, பாதுகாப்பு வைத்த பிக் ஒன்றாவது கேட்டிருக்க வேண்டும். பாதுகாப்பு என்றால், பிக் குறிப்பிட்ட இடத்துக்கு முன்னால் விழுந்தால் கொடுத்தவரிடமே தங்கிவிடும் என்ற நிபந்தனை. அதைச் சிறிது என்று நினைக்கக் கூடாது. 2019-ல் பிலடெல்ஃபியா தன் 2017-ன் முதல் பிக் மார்கெல் ஃபுல்ட்ஸை ஒர்லாண்டோவுக்குக் கொடுத்தபோது கிடைத்தவற்றில் ஒன்று, முதல் 20 இடத்துக்குப் பாதுகாப்பு வைத்த ஓக்லஹோமாவின் 2020 பிக். அது மிகச் சரியாக 21-ல் விழுந்தது. வந்தவர் டைரீஸ் மேக்ஸி, 2024-ல் ஆல்-ஸ்டார் (லீகின் சிறந்தவர்கள் ஆடும் ஆட்டத்துக்குத் தேர்வானவர்).

சிகாகோ 2024-25-லும் 39 வெற்றி, 43 தோல்வியோடுதான் முடித்தது. கிடியின் ஒப்பந்தம் 2028-29 சீசன் வரை ஓடுகிறது. அவர் எத்தனை அசிஸ்ட் எடுக்கிறார் என்பதைவிட, ப்ளேஆஃப் தொடர் ஒன்றில் எதிரணி அவரை மூன்று புள்ளிக் கோட்டில் தனியே விடத் துணிகிறதா என்பதைக் கவனியுங்கள்.